வெறும் பிரதர்தானா?



இன்று ஒரு பாவ அறிக்கையோடு தொடங்குகிறேன். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நான் இருந்தபோது, பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். நாள் தவறாமல் பூசைக்கு உதவி செய்கிறவன். "சாமி, நான் பிரதர் ஆகணும். பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துறாங்களே, அந்த பிரதர்" என்றான். நான் சிரித்துக்கொண்டே, "வெறும் பிரதரா? நல்லாப் படிக்கிற பிள்ளை நீ. சாமியாராவே போயேன்டா" என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. நானே கடிதம் எழுதி இளங்குருமடத்துக்கு அனுப்பி வைத்தேன். மூன்றாம் ஆண்டு திரும்பி வந்துவிட்டான். இன்று மனைவி, மக்களோடு நன்றாகத்தான் வாழ்கிறான். இல்லறமும் அழைத்தல்தான், அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவன் கேட்டது ஒன்று, நான் தள்ளிவிட்டது வேறொன்றுக்கு. 'வெறும்' என்ற அந்த ஒரு சொல்லை இன்றும் ஒப்புரவு அருள்சாதனத்துக்குச் செல்லும்போது நினைத்துக்கொள்கிறேன்.

நம்மிடையே ஒரு குழப்பமும் உண்டு. குருமடத்தில் படிக்கும் மாணவரையும் பிரதர் என்கிறோம். வாழ்நாள் முழுவதும் துறவியாக இருந்து பள்ளியில் கற்பிக்கிறவரையும் பிரதர் என்கிறோம். அதனால் எழுபது வயது அருட்சகோதரரைப் பார்த்துக்கூட, "எப்போ பிரதர் உங்களுக்குக் குருப்பட்டம்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதி வழியில் நின்றுபோன சாமியார் என்று நினைப்பு.

ஏப்ரல் 7-ஆம் நாள் திரு அவை நினைவுகூரும் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் இந்த நினைப்போடு நேருக்கு நேர் போராடியவர். இத்தனைக்கும் அவரே ஒரு குரு. 1651-இல் பிரான்சு நாட்டு ரெய்ம்ஸ் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதிலேயே பேராலயத்தில் கானன் பதவி. நல்ல வருமானம், ஊரார் எழுந்து நிற்கும் மதிப்பு. 1679-இல் ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளி தொடங்க வந்த அத்ரியேன் நியேல் என்பவரைத் தற்செயலாகச் சந்திக்கிறார். சிறிது உதவி செய்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். அந்த நாள்களில் ஏழைகளின் பள்ளி ஆசிரியர் என்றால் வேறு பிழைப்புக் கிடைக்காதவர் என்று பொருள். அவர்களைத் தம் வீட்டு வேலையாளுக்கும் கீழாகவே எண்ணியிருந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதி வைத்தார். அப்படி எண்ணியவர் 1681-இல் அவர்களைத் தம் வீட்டிலேயே குடிவைத்து, ஒரே மேசையில் உணவருந்தினார். உறவினர்கள் கொதித்தார்கள், அவரது தம்பிகளை வீட்டைவிட்டு அழைத்துப் போனார்கள்.

ஆசிரியர்கள் அதற்கும் மசியவில்லை. நாளைக்கு இந்தப் பள்ளி மூடினால் உமக்குச் சொத்து இருக்கிறது, எங்களுக்கு என்ன இருக்கிறது என்கிற வகையில் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே! அவர் 1683-இல் கானன் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் சொத்தையெல்லாம் ரொட்டியாக ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். அதன்பின்தான் அந்த ஆசிரியர்களுக்கு அவரோடு பேச வாய் வந்தது என்பேன்.

அவர்களுடைய வகுப்பறையைச் சற்று எட்டிப் பாருங்கள். கட்டணம் கிடையாது. அன்று பிள்ளைகள் முதலில் இலத்தீன்தான் வாசிக்கப் பழகுவார்கள். இவர்கள் தாய்மொழியாகிய பிரெஞ்சிலிருந்து தொடங்கினார்கள். ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். கையில் உள்ள சிறு கருவியைத் தட்டி ஒலி எழுப்புவார், பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். காலை உணவைப் பிள்ளைகள் வகுப்பிலேயே சாப்பிடுவார்கள். மிஞ்சிய ரொட்டியை ஒரு மாணவன் கூடையில் சேர்ப்பான். கொண்டுவர வழியில்லாத பிள்ளைகளுக்கு அது போகும். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மூலையில் இரண்டு மூன்று மாணவர்கள் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முடித்ததும் வேறு சிலர். நேரம் குறித்து மணி அடித்ததும் எழுதும் கை அப்படியே நிற்கும். கணக்கு பாதியில் இருந்தாலும் சரி. நாம் கடவுளின் திருமுன் இருக்கிறோம் என்பதை ஒரு கணம் எல்லாரும் நினைவுகூர்வார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து கணக்குத் தொடரும்.

எனக்கு இதில் பிடித்தது அந்தப் பாதிக் கணக்குதான். முதலில் பக்தி, பிறகு படிப்பு என்று இரண்டு பெட்டியாக அவர்கள் வைக்கவில்லை. தெ லா சால் சகோதரர்களின் பள்ளிகளில் அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். சபைத் தலைமையைத் தாம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எண்ணிய தெ லா சால், ஆன்றி லெரு என்ற அருட்சகோதரரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கச் செய்தார். ஒரு குரு, குரு அல்லாத ஒருவருக்குக் கீழ்ப்படிவதா என்று மேலிடத்தில் ஒப்பவில்லை. பொறுப்பு மீண்டும் இவர் தலையிலேயே வந்து விழுந்தது. சரி, அப்படியானால் ஆன்றியையே குருவாக்கிவிடுவோம் என்று முடிவு செய்தார். நான் அந்தப் பையனுக்குச் செய்ததைத்தான் இவரும் செய்தார், எவ்வளவோ நல்ல காரணத்துக்காக. ஆன்றி இறையியல் படித்தார்; கெட்டிக்காரர். 1690-இல், குருப்பட்டத்துக்கு ஆயத்தமாகும் வேளையில், பாரிசில் திடீரென நோயுற்றார். ரெய்ம்சுக்குப் போயிருந்த தெ லா சால் செய்தி கேட்டு ஓடிவந்தபோது அடக்கமே முடிந்துவிட்டது. மனிதர் அழுதார். அழுது முடித்து எழுந்தபோது அவருக்குள் ஒன்று தெளிவாகியிருந்தது: இச்சபையில் எவரும் குருவாக வேண்டாம். பீடத்துக்குப் போகிறவர், போகாதவர் என்று இரண்டு தட்டு வந்துவிட்டால், நல்லவர்களெல்லாம் பீடத்துக்குப் போவார்கள், ஏழைப் பிள்ளையின் பெஞ்சுக்கு மிச்சம் மீதிதான் வரும். இன்றுவரை அந்தச் சபையினர் சகோதரர்களே. மத்தேயு நற்செய்தி 23-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், போதகர் என்ற பட்டத்தைத் தம் சீடர் தேடக்கூடாது, அவர்கள் அனைவரும் சகோதரர்களே என்கிறாரே, அந்தச் சொல்லையே அவர்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். (தமிழில் வேடிக்கை என்னவென்றால், குரு என்றால் ஆசிரியர் என்றே பொருள். நாங்கள்தான் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டோம்.)

அடுத்த ஆண்டு, 1691 நவம்பர் 21, அன்னை மரியா ஆலயத்தில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்பட்ட திருநாளில், இரண்டு சகோதரர்களோடு சேர்ந்து அவர் ஒரு வார்த்தைப்பாடு கொடுத்தார். பிச்சை எடுத்து, வெறும் ரொட்டியே உண்ண நேர்ந்தாலும் இந்தப் பணியை விடமாட்டோம் என்று. இருவரில் ஒருவர் பிற்காலத்தில் விலகிப் போனார். மற்றவர் கபிரியேல் துரோலின். 1702-இல் உரோமைக்கு அனுப்பப்பட்டு, பெரும்பாலும் சபையைச் சேர்ந்த துணையின்றி, 1728 வரை அங்கே ஏழைச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். இருபத்தாறு ஆண்டுகள்! நிறுவனர் 1719-இல் புனித வெள்ளியன்று இறந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார்.

புனிதர் பட்டம் பெற்ற சகோதரர்களில் பெனில்ட் என்பவரை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மிகக் குள்ளமானவர். 1841 முதல் 1862-இல் இறக்கும்வரை பிரான்சில் சோக் என்ற மலையூரில் ஒரே பள்ளி. புதுமை எதுவும் செய்து பேர் வாங்கவில்லை. காலையில் திருப்பலி, பிறகு எழுத்து, கணக்கு, மறைக்கல்வி, மாலையில் தோட்டம். மறுநாளும் அதே. நம் வீட்டுத் தாய்மார்களுக்கு அந்த 'மறுநாளும் அதே' எவ்வளவு கனம் என்று தெரியும். அவரது வாழ்வை ஆராய்ந்த திருத்தந்தை 11-ஆம் பயஸ், நாள்தோறும் மாறாமல் வருவதைத் தாங்கியதையே அவரது வீரமாகக் கண்டார். 1967-இல் திருத்தந்தை 6-ஆம் பவுல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

எனக்கு ஏழாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த அருட்சகோதரர் எட்டு ஆண்டுகளுக்கு முன் இறந்தார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். முன்னாள் மாணவர்களாகிய குருக்கள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் திருவுடையில் நின்றோம். நடுவில் அவர் தம் வெள்ளை அங்கியோடு படுத்திருந்தார். எங்களில் எவருக்கும் பெருக்கல் வாய்ப்பாடு வராத காலத்தில் எங்களைப் பொறுத்துக்கொண்டவர்.

இந்த உரைக்காக எங்கள் பங்கில் ஞாயிறுதோறும் வாசிக்கும் மன்றாட்டுக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இறையழைத்தலுக்காக மன்றாடும்போது குருக்கள் இருக்கிறார்கள், கன்னியர் இருக்கிறார்கள். அருட்சகோதரர் என்ற சொல் ஓராண்டாக ஒருமுறைகூட இல்லை. எழுதிக்கொடுத்தவன் நான்தான். வரும் ஞாயிறு முதல் அதைச் சேர்க்கும்படி உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன். பிரதர் ஆக வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பிள்ளை சொன்னால் அவனை என்னிடம் அனுப்புங்கள். மாலைச் செபமாலைக்குப் பின் அறையில் இருப்பேன். இந்த முறை அவன் சொல்வதை முழுவதும் கேட்பேன்.