இதய வாசல் சுருங்கினால்



காசிமேட்டில் மீன்கூடை தூக்குகிறவர் தோள் தடித்தால் அது பலம். இதயத் தசை தடித்தால் பலமில்லீங்க. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற வாசலில் அயோர்ட்டிக் வால்வு இருக்கு. பிறவிக் கோளாறோ, சிறுவயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்த மூட்டுவாதக் காய்ச்சலோ அதைச் சுருக்கிவிடலாம். அந்தச் சந்து வழியே தள்ளித் தள்ளியே தசை தடிக்கும், விறைக்கும், பல வருஷம் கழித்துத் தளரும். மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், மயக்கம் வரும்.

கர்ப்பத்தில் ரத்தம் ஏறக்குறைய பாதியளவு கூடுது. சுருங்கிய வால்வு அதற்கு ஈடு கொடுக்காது. குடம் தூக்கினால் மூச்சிரைக்கிற மருமகளைச் சோம்பேறி என்று ஏசாதீங்க. கருத்தரிக்கும் முன்பே கணவர் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டட்டும். வால்வை மாற்றினால் தடித்த தசை பெரும்பாலும் குறையும். ரொம்பத் தாமதித்தால் முழுசாகத் திரும்பாது. டாக்டர் சரியென்று சொல்கிறவரை குழந்தையைத் தள்ளிப்போடுங்க. மாத்திரையை நீங்களாக வாங்காதீங்க. ஆணுறை என்றால் அது கணவர் பொறுப்பு.