மயிர்க்காலில் வாழும் மதுவம்

கொழும்புத்துறைக் கடலேரிக் கரையில் வெயிலில் நின்று வலை இழுப்போரின் முதுகு வியர்வையில் ஊறியே இருக்கும். அத்தகைய முதுகிலும் தோளிலும் மார்பிலும் ஒரே அளவான சிறு பருக்கள் கூட்டமாய் எழுந்து அரிக்குமாயின், அவற்றைச் சாதாரணப் பருவென்று தள்ளிவிடலாகாது.

பனங்கள்ளைப் பொங்கச் செய்யும் மதுவத்தை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். அதன் தூரத்து உறவினமொன்று மனிதர் தோலிலே குடியிருக்கிறது. மலசேசியா என்பது அதன் பெயர். 1874ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து விவரித்த பிரெஞ்சு அறிஞர் லூயி மலசேயின் நினைவாக வந்த பெயர். தோலில் ஊறும் எண்ணெயே அதன் உணவு. சாதாரணமாக அது தீங்கு செய்வதில்லை. வெப்பமும் வியர்வையும் மிகும்போது மயிர்க்காலுக்குள் பெருகி அழற்சியை உண்டாக்குகிறது.

இங்கேதான் தவறு நேர்கிறது. பருவென்று கருதிப் பக்றீரியாவை அழிக்கும் மருந்தை வாரக்கணக்கில் உண்டால் மதுவம் மடிவதில்லை. போட்டியாளரை இழந்து மேலும் செழிக்கக்கூடும். மதுவம் பங்கசு இனத்தது. பங்கசு எதிர்ப்பு மருந்துக்கே அது அடங்கும். பருவின் உள்ளீட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் வேறுபாடு புலப்படும்.

வியர்த்த உடுப்பை உடனே களைந்து குளித்தல் நன்று. மருத்துவரிடம் காட்டும்போது, "அரிக்கிறது" என்னும் ஒரு சொல்லைச் சொல்ல மறவாதிருத்தல் அதனினும் நன்று.