கேட்டு ஓடுவோம்



“ஊர் ஓடினால் ஒத்தோடு, ஒருவன் ஓடினால் கேட்டோடு” என்பர் பெரியோர். வெள்ளம் வரும்போது இது நல்ல புத்தி. தேர்தல் வரும்போது?

நம் பாடாலூர் நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால் மதுரை. அம்மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டது. ஊர்க் கட்டுப்பாடு குறுக்கே நின்றது. மனுச் செய்ய ஆள் வரவில்லை. ஊர் நிறுத்தியவர் வென்றாலும் உடனே விலகினார். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. பத்தாண்டுகள் வீணாயின!

அச்சத்தால் அடங்கியவர்களை நாம் குறைகூறோம். மற்றவர்கள் எல்லாரும் கல்நெஞ்சரா? அல்லர். ‘ஊரே சொல்லும்போது நான் எப்படி மறுப்பது?’ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பர். அந்த ‘ஊர்’ யார்? அப்படிப் பார்த்து நின்றவர்களேதாம்!

வாக்குச்சாவடியில் மறைவிடம் வைத்தது எதற்காக? தகப்பனும், தலைவரும், சாதியும் எட்டிப்பார்க்காத இடத்தில் மனச்சான்று மட்டும் நம்மோடு நிற்பதற்காக. பங்குக் குருவாகிய நமக்கும் அங்கே இடமில்லை.

ஒற்றுமை வேறு, ஒத்து ஊதுவது வேறு. ஆகவே ஊர் ஓடினாலும், ‘எங்கே, எதற்கு?’ என்று கேட்டு ஓடுவோம். அதற்கான துணிவை இறைவன் நமக்கு அருள்வாராக.