சட்டசபையும் நம் கலியாணமும்
(பெரம்பலூர், அரியலூர் கூட்டங்களில் பேசியதன் சாரம்)



சட்டசபை என்றால் மேஜையைத் தட்டுவதும் வெளிநடப்புச் செய்வதுந்தான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். காலையில் கேள்வி நேரம், பிறகு மசோதாக்கள். அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். அது உங்கள் வீட்டு அடுப்பங்கரை வரை வருகிறது என்று சொல்லவே வந்தோம்.

புரோகிதனும் ஓமப்புகையும் இல்லாத சுயமரியாதைக் கலியாணங்கள் 1928 முதல் இந்நாட்டில் நடந்துவந்தன. ஆனால் 1953-இல் சென்னை ஹைக்கோர்ட்டு, அவ்விதக் கலியாணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புக் கூறிற்று. இதன் பொருள் என்ன? ஒருவனோடு இருபது வருஷம் வாழ்ந்து, காட்டில் பருத்தி எடுத்து, பிள்ளை பெற்றவளை, அவன் செத்த மறுநாள் பங்காளி கோர்ட்டுக்கு இழுத்தால், அவள் மனைவியே அல்லள் என்பதுதான்! புரியாத மந்திரத்தைச் சொன்னால் கலியாணமாம். புரிந்த பாஷையில் சொன்னால் கலியாணமல்லவாம்! இதைவிட வேடிக்கை உண்டா?

இதற்கு மருந்து சட்டசபையில்தான் இருந்தது. 1967 நவம்பரில், அண்ணாதுரை அவர்கள் முதல் மந்திரியாயிருந்த காலத்தில், இந்து விவாகச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா நிறைவேறிற்று. ஜனாதிபதியின் சம்மதம் பெற்று 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்தது.

அதிலுள்ள அருமையான சொல் 'அல்லது' என்பதே. உற்றார், நண்பர் அல்லது வேறு பேர் முன்னிலையில், ஒருவரையொருவர் ஏற்பதாகத் தெரிந்த பாஷையில் சொல்லலாம். அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். ஏதேனும் ஒன்று போதும். தாலியும் கட்டியாகவேண்டும் என்றிருந்தால், கட்டாதவளுக்கு மறுபடியும் கோர்ட்டு வாசல்தானே! முன்பு நடந்த சுயமரியாதைக் கலியாணங்களுக்கும் இச்சட்டம் செல்லுபடி கொடுத்தது. 2023-இல் சுப்ரீம் கோர்ட்டும், இதற்கு ஊரறியச் சடங்கு வேண்டியதில்லை என்றது. ஜாதி மாறி மணந்து ஊருக்குப் பயந்து நிற்கும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய காப்பு!

ஆனால் தோழர்களே, வெட்கத்தோடு ஒன்று கேட்கிறோம். மேடையில் பகுத்தறிவு பேசிவிட்டு, வீட்டுக் கலியாணத்துக்குப் பஞ்சாங்கம் புரட்டுகிறவர்கள் நம்மில் இல்லையா? சட்டம் கதவைத்தான் திறக்கும். நுழைய வேண்டியவர்கள் நாமே. மாலை மாற்றியதோடு நில்லாதீர்கள். 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொண்ணூறு நாளுக்குள் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவு செய்யுங்கள். பங்காளி வாயை அடைக்க அந்தக் காகிதமே போதும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், ரோட்டுக்கும் விளக்குக்கும் மட்டுமல்ல, 'எந்த மசோதாவுக்குக் கை தூக்கினீர்?' என்றும் கேளுங்கள். அப்போதுதான் சட்டசபை நம்முடையதாகும்.