முன்கூட்டித் தீர்க்கும் கடன்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருஞ்சாலையில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே அமைந்தது நாலந்தா. போவதென்னை நீர்த்தேக்கத்தின் பொருட்டு, 1980ஆம் ஆண்டுகளில் மேட்டுக்கு மாற்றி அடுக்கப்பட்ட கெடிகே என்னும் கற்கோயிலால் அவ்வூரைப் பலரும் அறிவர். அப்பகுதியில் மிளகும் வெங்காயமும் பயிரிடுவோர்க்கு மாதச் சம்பளம் இல்லை. விளைவு விலைபோகும் நாளிலேதான் கையிற் பணம் சேரும். கடனோ மாதந்தோறும் தவணை கேட்கும். ஆகவே, பணம் வந்த நாளிலேயே கடனைத் தீர்க்க இடமுண்டா என்பது அவர்களுக்கு வட்டி வீதத்தைப் போலவே முக்கியமான கேள்வியாகும்.

நேயர்கள் தாளும் பென்சிலும் கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குடியானவர் 120,000 ரூபாவை இரண்டாண்டுத் தவணையில் பெறுகிறார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 20. கொடுப்பவர் முழுத் தொகைக்கும் இரண்டாண்டு வட்டியாக 48,000 ரூபாவைத் தொடக்கத்திலேயே கூட்டி, மாதம் 7,000 என்று வகுத்துவிடுகிறார். முதல் குறையக் குறைய வட்டியும் குறைவதன்றோ முறை? இங்கே அது குறைவதில்லை. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால், இந்த இருபது உண்மையில் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆகும்!

பன்னிரண்டு தவணை கட்டியபின், நல்ல விளைச்சல் கண்டு அவர் கடனை முடிக்க விரும்புகிறார். எஞ்சிய தவணைகள் யாவும் தரவேண்டும் என்று பத்திரம் கூறுமாயின் 84,000 ரூபா தேவை. முந்திக் கட்டியதால் ஒரு சதமும் மிச்சமில்லை. குறையும் மீதிக் கணக்கின்படியாயின் சுமார் 70,000 போதும். அந்தப் பதினாலாயிரம், அடுத்த போகத்து விதைக்கும் உரத்துக்கும் உதவும்.

குறித்த காலத்துக்கு வட்டி வரும் என்று நம்பியே பணத்தை ஒதுக்கியதாகக் கடன் கொடுப்போர் கூறுவர். அதில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும், தனியாட்கள் பெறும் மாறும் வட்டிக் கடன்களுக்கு முன்கூட்டித் தீர்க்கும் கட்டணம் வாங்கலாகாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2014ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. நிலையான வட்டிக் கடன் அதில் அடங்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

இலங்கையில் 1906ஆம் ஆண்டில் தெல்தெனியாவிலே தோன்றிய ஐக்கிய நாணய சங்கமும், அதன் வழிவந்த கிராமச் சங்கங்களும், குடியானவனின் வருவாய்க் காலத்தை அறிந்தே கடன் கொடுக்க முனைந்தன. இன்று நிதி நிறுவனத்தை நாடுபவர், கையொப்பமிடுமுன்பே சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். வட்டி முழுத் தொகைக்கா, மீதிக்கா? முந்தித் தீர்த்தால் தண்டம் எவ்வளவு, அது எத்தொகைமீது விதிக்கப்படும்? இடையிலே ஒரு பகுதி கட்டினால் தவணைக் காலம் குறையுமா? வாய்ச்சொல் போதாது, விடைகள் பத்திரத்திலேயே இருத்தல் வேண்டும்.

கடன் தீர்ந்த நாளில் பற்றுச்சீட்டோடு, கணக்கு மூடப்பட்டதென்னும் கடிதத்தையும் வாங்கிக்கொள்வது நன்று. பிணை நின்ற அயலவரும் அப்போதுதான் விடுபடுவார். கொடுகடன் தகவல் பணியகத்தின் ஏட்டிலும் அக்கடன் தீர்ந்ததாகப் பதியப்பட்டதா என்று சில வாரங்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.