தாமே ஏற்ற கடமை

கடைத்தெருவில் வணிகர் ஒருவர் தராசில் பருப்பு நிறுத்துக் கொடுக்கிறார். அவருடைய எடைக்கல்லில் அரசாங்க முத்திரை இருக்கிறது. நாம் ஐயமின்றி வாங்கிச் செல்கிறோம். அந்த முத்திரையை அவரே செதுக்கிக்கொண்டார் என்று தெரியவந்தால், எடை சரியாகவே இருப்பினும், நம் மனம் சற்றுத் தயங்கும். 'சமூகத்துக்கு நாங்கள் ஆற்றவேண்டிய கடமை இன்னது. எவரும் வற்புறுத்தாமல் நாங்களே ஏற்ற நெறி இன்னது' என்று ஒரு கம்பெனி பறைசாற்றும்போது நமக்கு உண்டாவதும் இத்தகைய தயக்கமே. அவ்வாறாயின் அந்த நெறிகள் வெறும் அலங்காரந்தானா? அன்று. அவை எப்பொழுது பயன் தருகின்றன, எப்பொழுது தருவதில்லை என்பதை நம் நாட்டுத் தொழில் வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்வோம்.

டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி 1907ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்தில் சாக்சி என்னும் சிற்றூர் இருந்த இடத்தில் ஆலை எழுந்தது. அவ்வூரே 1919இல் ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்றது. ஆலையைக் கனவு கண்ட ஜாம்ஷெட்ஜி டாட்டா 1904இல் காலமானார். இடமே தேர்ந்தெடுக்கப்படாத காலத்தில், 1902இல், தம் புதல்வர் தோராப்ஜிக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று புகழ் பெற்றது. தொழிலாளர் வாழப்போகும் நகரில் வீதிகள் அகலமாக இருக்கவேண்டும். விரைவில் வளரும் நிழல் மரங்களை நடவேண்டும். பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் இடம் விடவேண்டும். கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் நிலம் ஒதுக்கவேண்டும் என்பது அதன் கருத்து. உலை மூட்டுமுன் நிழலைப் பற்றி எண்ணிய உள்ளம் அது.

அந்த உள்ளம் பின்னர் விதிகளாகவும் உருப்பெற்றது. எட்டு மணி நேர வேலை 1912இல் ஏற்கப்பட்டது. இலவச வைத்திய உதவி 1915இல் வந்தது. சம்பளத்துடன் கூடிய விடுமுறை, சேமநல நிதி, விபத்துக்கு நஷ்டஈடு ஆகியவை 1920இல் ஏற்பட்டன. பேறுகால உதவி 1928இலும், இலாபத்தில் பங்காகப் போனஸ் 1934இலும், ஓய்வுக் காலப் பணிக்கொடை 1937இலும் தொடர்ந்தன.

இந்த ஆண்டுகளுக்கு எதிரே சட்டம் வந்த ஆண்டுகளை வைத்துப் பார்ப்போம். விபத்து நஷ்டஈட்டுச் சட்டம் 1923இல் வந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்னும் வரம்பைக் கொண்ட தொழிற்சாலைச் சட்டம் 1948இல் நிறைவேறியது. சேமநல நிதிச் சட்டம் 1952. பேறுகால உதவிக்குச் சில மாகாணங்கள் முன்னரே சட்டம் செய்திருந்தபோதிலும் நாடு தழுவிய சட்டம் 1961. போனஸ் சட்டம் 1965. பணிக்கொடைச் சட்டம் 1972. சேமநல நிதியில் 32 ஆண்டுகளும், பணிக்கொடையில் 35 ஆண்டுகளும் கம்பெனி சட்டத்துக்கு முன்னால் நடந்தது. தாமே ஏற்கும் நெறியின் முதற்பயன் இதுவே. 'இது நடவாத காரியம். தொழில் நசிந்துவிடும்' என்று வாதிடுவோருக்கு, நடத்திக் காட்டுவதே தக்க விடையாகிறது. ஒருவர் செய்து காட்டியதைச் சட்டம் பிறகு அனைவருக்கும் பொதுவாக்குகிறது.

எனினும், இவ்வளவும் முதலாளியின் நல்லெண்ணத்தால் மட்டுமே விளைந்தவை என்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. சேமநல நிதியும் விடுமுறையும் வந்த அதே 1920ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்பூரில் பெரிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. தொழிலாளர் சங்கமும் அவ்வாண்டே உருவாயிற்று. பேறுகால உதவி வந்த 1928இலும் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது. தொழிலாளர் பக்கம் நின்று சுபாஷ் சந்திர போஸ் அதில் தலையிட்டார். இதனால் கம்பெனியின் பெருமை குறைந்துவிடுமென்று நாம் கருதவில்லை. கேட்பவர் குரலும் கொடுப்பவர் மனமும் சேர்ந்தே நெறி பிறக்கிறது என்பதையே இது காட்டுகிறது. கேட்பதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் கொடுக்கப்படுவது தானமாகலாம், கடமையாகாது.

காந்தியடிகள் செல்வரைத் தருமகர்த்தாக்கள் என்று கருதினார். இந்தச் சொல்லின் பொருள் நமக்கு நன்கு தெரியும். கோயிற் சொத்தைக் காக்கும் தருமகர்த்தா நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, கணக்கும் காட்டவேண்டும். தாமே ஏற்ற நெறிக்கும் இது பொருந்தும்.

இந்த உண்மையை உணர்ந்து நடந்த ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட விரும்புகிறோம். டாட்டா எஃகுக் கம்பெனி 1970இல் தன் அமைப்பு விதிகளைத் திருத்தி, வாங்குவோர், ஊழியர், பங்குதாரர், சமூகம், சுற்றுப்புற மக்கள் ஆகிய அனைவரிடத்தும் தனக்குச் சமூகக் கடமையும் ஒழுக்கக் கடமையும் உண்டு என்று எழுதிக்கொண்டது. எழுதியதோடு நில்லாமல், ஜே.ஆர்.டி. டாட்டா தலைவராக இருந்த காலத்தில், 1979இல், அக்கடமை எவ்வளவு நிறைவேறியது என்று ஆராய ஒரு குழுவையும் அமைத்தது. பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி எஸ்.பி. கோட்வால் அதற்குத் தலைவர். அரசியல் அறிஞர் ரஜனி கோத்தாரியும் பேராசிரியர் பி.ஜி. மவளங்கரும் உறுப்பினர்கள். அவர்கள் 1980இல் அறிக்கை அளித்தார்கள். வரவு செலவைத் தணிக்கை செய்வது கம்பெனிகளுக்குப் பழகிய காரியம். நடத்தையையே தணிக்கைக்கு வைத்தது நம் நாட்டுக்குப் புதிது. எடைக்கல்லைப் பிறர் கையில் கொடுத்து நிறுத்துப் பார்க்கச் சொன்னதற்கு ஒப்பாகும் இது.

இப்பொழுது உலகெங்கும் இத்தகைய நெறிகள் பல வழங்குகின்றன. அவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. ஐக்கிய நாடுகள் சபையின் முயற்சியால் 2000இல் தோன்றிய உலக உடன்பாடு ஓர் உறுதிமொழி. மனித உரிமை, தொழிலாளர் நலம், சுற்றுச்சூழல், ஊழல் ஒழிப்பு என்பவை பற்றிப் பத்துக் கொள்கைகள் அதில் உள்ளன. 2010இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 26000 என்பது வழிகாட்டி மட்டுமே. அதற்குச் சான்றிதழ் கிடையாது. 1997இல் வந்த எஸ்.ஏ. 8000 என்பதோ, வெளியார் வந்து தொழிற்கூடத்தைச் சோதித்துச் சான்று வழங்கும் முறை. உறுதிமொழி, வழிகாட்டி, சோதனை என்னும் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பலாகாது. உறுதிமொழியில் கையொப்பமிட்டவர் சோதனையில் தேறியவர் ஆகிவிடமாட்டார்.

நம் நாட்டிலும் தன்விருப்ப நெறி படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. மத்திய அரசாங்கம் 2011இல் ஒன்பது கொள்கைகள் கொண்ட தன்விருப்ப வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றின்படி அறிக்கை தரவேண்டும் என்று பங்குச் சந்தைகளை நெறிப்படுத்தும் 'செபி' 2012இல் முதல் 100 கம்பெனிகளுக்கு விதித்தது. 2022–23ஆம் நிதியாண்டு முதல், மேலும் விரிந்த அறிக்கை முதல் 1000 கம்பெனிகளுக்குக் கட்டாயமாயிற்று. இதற்கிடையே 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று வகுத்தது. அது 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் குடிநீரும் இதனால் பெருகுமாயின் மகிழ்ச்சியே.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இந்த 2 சதவிகிதம், சம்பாதித்ததை எவ்வாறு செலவிடுவது என்பதைப் பற்றியது. எஞ்சிய 98 சதவிகிதமும் எவ்வாறு சம்பாதிக்கப்பட்டது என்பதே சமூகப் பொறுப்பின் மையக் கேள்வி. ஆற்றில் கழிவைக் கலக்கும் ஆலை, அதே ஆற்றங்கரையில் ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தந்தால் கணக்கு நேராகிவிடாது. ஒப்பந்தக் கூலியைக் குறைத்து வாங்கும் தொழிலாளியின் வீட்டுக்கு அன்பளிப்பு அனுப்புவதும் அத்தகையதே.

நெடுங்காலம் நற்பெயர் தாங்கிய கம்பெனிக்கும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்கு இல்லை. ஒடிசாவின் கலிங்க நகரில் 2006 ஜனவரி 2ஆம் தேதி, இதே டாட்டா எஃகுக் கம்பெனியின் புதிய ஆலைக்கு எல்லைச் சுவர் எழுப்பும் வேலை தொடங்கியபோது, பழங்குடி மக்கள் எதிர்த்துத் திரண்டனர். காவல்துறை சுட்டதில் பழங்குடியினர் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். காவலர் ஒருவரும் உயிரிழந்தார். நிலத்தை எடுத்தது அரசாங்கம், சுட்டது காவல்துறை. எனினும், எழுந்த சுவர் ஆலையின் சுவர். நிழல் மரங்களை முன்னரே நினைத்த மரபுக்கு, சுவருக்கு வெளியே நிற்பவரின் சம்மதத்தையும் முன்னரே நினைக்கும் கடமை உண்டு என்பதை அந்நாள் நமக்கு உணர்த்துகிறது.

ஆகவே, ஒரு கம்பெனியின் நெறியைப் பற்றிக் கேள்விப்படும்போது நாம் நான்கு கேள்விகளைக் கேட்போமாக. அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா? அளந்து பார்க்கக்கூடிய கணக்கு உண்டா? வெளியார் வந்து சோதிக்க இடம் இருக்கிறதா? ஆலையினால் இழப்பு அடைகிறவர் தம் குறையை அஞ்சாமல் சொல்ல வழி உண்டா? முதல் மூன்றுக்கு விடை இருந்தும் நான்காவதற்கு இல்லையாயின், அந்த நெறி பாதிதான். பங்குதாரராகவோ, ஊழியராகவோ, பொருளை வாங்குவோராகவோ நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கம்பெனியுடன் தொடர்பு கொண்டிருக்கிறோம். ஆதலால் கேட்கும் உரிமை நம் அனைவருக்கும் உண்டு. தாமே ஏற்ற கடமை, பிறர் கேட்கக் கேட்கத்தான் நிலைபெறும்.