கண்டியில் ஒரு குரு

(மகளிர் கருத்தரங்கில் கட்டடக் கலைஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் குரு யார் என்று என்னை அழைத்தவர்கள் கேட்டார்கள். நான் நேரில் காணாத ஒருவரின் பெயரைச் சொன்னேன். ஏகலைவன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. நல்லவேளையாக, என் குரு கட்டைவிரலைக் கேட்கவில்லை.

நான் பிறந்தது இதோ, பக்கத்து டன்லப் ஸ்திரீட்டில். கீழே மளிகைக் கடை, மேலே நாங்கள். வீட்டின் நடுவே வானம் தெரியும் முற்றத்தில் அம்மா அப்பளம் காயவைப்பார். மழை வந்தால் எல்லாரும் ஓடுவோம். பிறகு தோ பாயோ வீவக வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டபோது, அந்த முற்றமும் கடைமுன் ஐந்தடி நடைபாதையும் எவ்வளவு அறிவோடு செய்யப்பட்டவை என்பதை நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வாழ்ந்தபோது தெரியவில்லை.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த சில ஆண்டுகளில் ஒரு கோயிலின் அன்னதான மண்டபத்தையும் மடப்பள்ளியையும் வடிவமைக்கும் பேறு கிடைத்தது. கோயிலின் பெயர் வேண்டாம், பிழை என்னுடையது. மண்டபம் அழகாகவே அமைந்தது. பங்குனி உத்திரத்தன்று நானும் பாத்திரம் கழுவப் போனேன். அதிகாலை நான்கு மணிக்கே வந்திருந்த தொண்டூழியர்கள் கொதிக்கும் சாம்பார் அண்டாவை மடப்பள்ளி வாசற்படியைத் தாண்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மழைநீர் உள்ளே வராதிருக்க நான் வைத்த படி அது. ஓர் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடமே கேட்டார்: "இந்த அடுப்படியைப் போட்டவங்க ஒரு நாளாவது அண்டா தூக்கியிருப்பாங்களாம்மா?"

நான் பதில் சொல்லவில்லை. யார் என்றும் சொல்லவில்லை. அன்று சாப்பிடாமலே வீட்டுக்குப் போனேன்.

தொழிலையே விட்டுவிடலாமா என்றுகூட அலுவலகத்தில் என் மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் ஒரு சீனப் பெண்மணி, சிரிக்கத் தெரியாதவர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மறுநாள் என் மேசையில் ஒரு கனமான புத்தகம் இருந்தது. இலங்கையின் மினெட் டி சில்வா எழுதிய வாழ்க்கை வரலாறு. அவர் மறைந்த 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கண்டியில் 1918இல் பிறந்தவர் மினெட். பம்பாயில் படிக்கும்போது விடுதலைப் போராட்டத்தில் கலந்துகொண்டதால் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு லண்டனில் படித்து, 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் அரச கழகத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண்மணியானார். உலகப் புகழ்பெற்ற லெ கொர்புசியே அவருக்கு நண்பர். அப்படிப்பட்டவர் ஐரோப்பாவிலேயே தங்கியிருக்கலாம். ஊர் திரும்பினார். கண்டியில் கருணாரத்ன குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் கான்கிரீட்டோடு தும்பறைப் பாய் நெசவாளரின் கைவேலையையும் குயவரின் சுடுமண் ஓட்டையும் சேர்த்தார். பெண் என்பதாலேயே தம்மை ஒதுக்கினார்கள் என்று அவரே வருந்தியிருக்கிறார். 1996இல்தான் நாட்டின் கட்டடக் கலைஞர் கழகம் தங்கப் பதக்கம் அளித்தது. காலம் கடந்த மரியாதை என்பேன்.

அவருடைய தாயார் ஆக்னெஸைப் பற்றித் தமிழர்களாகிய நாம் அவசியம் அறிய வேண்டும். 1928இல் டொனமூர் ஆணைக்குழு முன் பெண்களுக்கு வாக்குரிமை கேட்கச் சென்றவர் அவர். தோட்டத்தில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா என்று கேட்கப்பட்டபோது, அவர்களும் பெண்கள்தானே என்ற பொருளில் பதில் சொன்னார். 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள்.

மகளும் அதே வழிதான். 1950களில் கண்டியை அடுத்த வட்டப்புலுவையில் அரசு ஊழியர்களுக்கு வீட்டுத் திட்டம் வரைவதற்கு முன், குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்வீர்கள் என்று அறிந்த பிறகே வரைந்தார். பல இனத்தார் வாழும் நம் ஊரில் இருந்துகொண்டு அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் யாரிடம் கேட்டேன்? நிர்வாகக் குழுவிடம் கேட்டேன், தீயணைப்பு விதிகளைப் பார்த்தேன். அண்டா தூக்குகிறவர்களிடம் கேட்கவில்லை.

தமிழில் பதினாறு கேள்விகள் எழுதினேன். மறுபடியும் அந்த மடப்பள்ளிக்குப் போய், இதைப் போட்டவள் நான்தான் என்று முதலில் சொன்னேன். யாரும் திட்டவில்லை; காபி கொடுத்தார்கள். அது திட்டுவதைவிடக் கடினமாக இருந்தது.

படியை இடித்துச் சரிவுப் பாதை போட்டோம், வாசலை அகலப்படுத்தினோம், கழுவும் தொட்டியை உயர்த்தினோம். பணம்தான் சிக்கல். கோபுரத்துக்கு என்றால் பலர் முன்வருவார்கள். சாக்கடைச் சரிவுக்கு யார் கொடுப்பார்? ஓர் அன்பர் கொடுத்தார். பெயர்க் கல்வெட்டு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவர் இன்று இந்த அவையில் இருந்தாலும் இருக்கலாம்.

என்னைக் கேட்ட அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பேத்தியை வைத்துப் பதினாறுக்கும் பதில் எழுதி, தாளின் அடியில் தாமே பதினேழாவது கேள்வி ஒன்றையும் சேர்த்திருந்தார்: "வேலை முடிஞ்சா நாங்க எங்க உட்காருறது?"

அங்கே இப்போது மூன்று பேர் உட்காரும் ஒரு திண்ணை இருக்கிறது, காற்று வரும் பக்கமாக.